ஒன்றரைச் சுற்றுத் திருகாணி

அத்தியாயம் 17

சென்ற புதன்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, ஒரு திருகாணியை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, மறுபடி ஒன்றரைச் சுற்று இறுக்கி, என் மகளின் வலது கண்ணைக் குணப்படுத்தினோம். மருந்து கிடையாது. கத்தி கிடையாது. கண்ணை யாரும் தொடக்கூட இல்லை. அவள் பாட்டுக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

நீங்கள் நம்பவில்லை. பரவாயில்லை, என் சம்பந்தியும் நம்பவில்லை.

சம்பந்தி முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பர்ஸ் தொலைந்துபோன கதை, டிக்கெட்டைக் குழந்தை விழுங்கிய கதை என்று நாலு லட்சம் கதை கேட்டுக் கேட்டு, பொழுது விடிந்துவிட்டது என்று சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

போன வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்களுக்காக நாலு வரி. என் மகள் சரக்குத் துறையில் கிரேன் ஓட்டுகிறாள். நூற்றுப்பத்து அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. (வெளியில் நான் இருநூறு என்றுதான் சொல்வது வழக்கம்.) அங்கே வேலை பார்ப்பவர்கள் அவளை மேல்வீட்டம்மா என்று கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. ஆகவே இந்த வீட்டில் இப்போதைக்கு ஆண்கள் என்றால் நானும் சம்பந்தியும்தான், அதாவது ஒன்றரை ஆள். அரை யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, மேல்வீட்டம்மா வேலை நடுவில் கிரேனை நிறுத்தினாள். இரும்பு ஏணியில் இறங்கி வந்தாள். மேலதிகாரி முன்னால் நின்று, "எனக்கு இன்னிக்கு தூரம் சரியாத் தெரியலை சார். வேற ஆளை ஏத்துங்க" என்று சொன்னாள்.

அவள் கண்ணில் கோளாறு என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. கொக்கி எதிலும் இடிக்கவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை. அவளாகவே இறங்கினாள். இதை நான் இதுவரை எழுபத்திரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது. நீங்கள் எழுபத்து மூன்று.

அவள் போட்டிருந்த கண்ணாடியோடே துறை டாக்டர் பரிசோதித்தார். இடது கண் தேறியது. வலது கண் கடைசி மூன்று வரியில் விழுந்துவிட்டது. அடுத்த புதன் மாலை நாலு மணிக்குள் சரியான கண்ணாடியோடு வந்து தேறினால் சரி, இல்லாவிட்டால் இந்த வருஷம் மேலே ஏற உரிமம் இல்லை, ஆபீஸில் ஒரு மேஜை தருவோம் என்றார்கள்.

என் மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சம்பந்திக்கோ அந்த மேஜை ரொம்பப் பிடித்துப்போனது. மருமகள் பூமியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் கட்சி. மேஜைக்கு மேலே மின்விசிறி இருக்கிறதா என்றுகூட விசாரித்துவிட்டார்.

*

கண் ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம்தான் தேதி கொடுத்தார்கள். ஆகவே கண்ணாடிக் கடைகளைத் தேடிக் கிளம்பினோம்.

வெள்ளிக்கிழமை முதல் கடை. உள்ளே நுழைந்ததும் குளிரில் என் காது விறைத்துப்போனது. கண் பரிசோதனை இலவசம் என்று போட்டிருந்தார்கள், நன்றாகவே செய்தார்கள், பவர் எழுதி ஒரு சீட்டும் கொடுத்தார்கள். அதற்கு மேல்தான் வம்பு. பழைய ஃப்ரேமில் புது லென்ஸ் போட மாட்டார்களாம். அவர்களிடமே புது ஃப்ரேம் வாங்கினால்தான் போடுவார்களாம்.

என் மகளுடைய ஃப்ரேம் வட்டமான, மெல்லிய உலோக ஃப்ரேம். காதில் மாட்டும் அதன் காம்பு ஹெல்மெட் வாருக்கு அடியில் அழுத்தாமல் போகும். வேறு எதைப் போட்டாலும் ரெண்டு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். எட்டு மணி நேரம் கூண்டில் உட்காருகிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கடைக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னோம். அவள் பூப்போட்ட ஃப்ரேம் ஒன்றை எடுத்துக் காட்டி, முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றாள்.

திங்கட்கிழமை இரண்டாவது கடை. சீட்டைப் பார்த்தார்கள். வலது கண்ணில் சிலிண்டர் பவர் இருக்கிறது, ஆர்டர் கொடுத்து வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். எங்களிடம் இருந்தது ரெண்டு நாள்.

புதன்கிழமை காலை மூன்றாவது கடை. அவர்கள் மட்டும் இன்றைக்கே தருகிறோம் என்றார்கள். அவசரக் கட்டணம் உட்பட ஒரு விலை சொன்னார்கள். சம்பந்தி பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"இது ரெண்டு கண்ணுக்கா, இல்ல குடும்பத்துக்கே சேர்த்தா?" என்று கேட்டார்.

வளையலைக் கழற்றலாமா என்று யோசிக்கும்போது என் மகள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பினேன்.

திருப்பியதுதான் நல்லதாயிற்று. கடையின் பின்வாசலில் ஒரு சைக்கிள்காரர் நின்றார். சின்னச் சின்னக் காகித உறைகள் நிறைந்த ஒரு தட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று மூளையைக் கசக்கினேன். முதல் கடையில். அதே பை, அதே கிழிசல்.

நான் முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்த் துறையில் ஃபிட்டர். தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயோடு சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. லைனைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்து வருகிறதோ அங்கே போக வேண்டும்.

"சம்பந்தி, எழுந்திருங்க. அந்த சைக்கிளைப் பிடிக்கணும்."

எதற்கு, ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஓடுகிற ஆள் கண்ணில் பட்டால் அவர் கால் தானாக ஓடும், அது உத்தியோகத் தோஷம்.

அன்றைக்கு நாங்கள் ஓடிய ஓட்டத்தை எந்தப் பதக்கமும் தாங்காது. குறைந்தது மூன்று மைல். வழியில் ரெண்டு லாரியை முந்தினோம், ஒரு நாயைத் துரத்தினோம், அல்லது அது எங்களைத் துரத்தியது. என் மகள் கேட்டால் நாலு தெருதான் என்பாள், பாதி தூரம் சைக்கிள்காரர் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனார் என்பாள். அவளுக்குத்தான் அப்போது கண் சரியில்லையே.

*

செருப்புக் கடைக்குப் பின்னால் ஒரு சந்து. செங்குத்தாக ஒரு மாடிப்படி. மேலே ரயில் பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு அறை.

சுவர் முழுக்கத் தீப்பெட்டி மாதிரி இழுப்பறைகள். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் சுழலும் சாணைக்கல், கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அதன் முன்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் ரப்பர்த் துணி, மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. லென்ஸை ஃப்ரேம் அளவுக்குத் தேய்ப்பவர்.

சைக்கிள்காரர் உறைகளை மேஜையில் கொட்டினார். சம்பந்தி குனிந்து ஒவ்வொன்றின் மேலும் இருந்த கடைப் பெயரைப் படித்தார். முதல் கடை, இரண்டாவது கடை, மூன்றாவது கடை, மூன்றுமே இருந்தன. ஒரே சீட்டில் மூன்று வகுப்புப் பயணிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

தேய்ப்பவர் எங்களைப் பார்த்து, இங்கே நேரடி வியாபாரம் இல்லை, கடைக்குப் போங்கள் என்றார். நான் என் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸைச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மகள் முன்னால் வந்துவிட்டாள். நாலு மணி, உரிமம், ஹெல்மெட் வார், மூன்று கடை, எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

சாணைக்கல் நின்றது.

"கிரேனா? நீங்களா ஓட்டுறீங்க?"

"ஆமாங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிஸ்கட் பொட்டலத்தை நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள் என்றார்.

முதலில் இடது லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கீறல் கோடுகோடாக ஓடியிருந்தது, தூசியைத் துணியால் துடைத்துத் துடைத்து வந்த கீறல். பிறகு வலது லென்ஸைப் பவர் பார்க்கும் கருவியின் கீழே வைத்தார். கருவிக்குள் பார்த்தார், முதல் கடைச் சீட்டைப் பார்த்தார். திரும்பக் கருவி, திரும்பச் சீட்டு.

"வலது கண்ணுல பவர் மாறவே இல்லீங்களே. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதேதான் இந்த லென்ஸ்ல இருக்கு. புதுசு எதுக்கு?"

அது எப்படி, பார்வை மங்கலாகத் தெரிகிறதே என்று சம்பந்தி மடக்கினார். அந்த அம்மா ஃப்ரேமின் ஓரத்திலிருந்த திருகாணியை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார்.

"இதை யாரு கழட்டி மாட்டினது?"

கல்லின் மேல் தண்ணீர் மட்டும் சொட்டியது.

கழற்றி மாட்டியது நான்தான். நாலு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது லென்ஸ் கழன்று விழுந்துவிட்டது. மகள் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாலே நிமிஷத்தில் லென்ஸை உள்ளே வைத்துத் திருகாணியை இறுக்கி, துடைத்து, மேஜையில் வைத்தேன். கடைக்குப் போயிருந்தால் இதற்கு என்ன வாங்கியிருப்பார்கள் தெரியுமா என்று வீட்டில் எல்லோரிடமும் பீற்றினேன். வெளியூரில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டும் சொன்னேன்.

"நான்தாங்க" என்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "சிலிண்டர் லென்ஸ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. நெட்டுக்கு ஒரு பவர், குறுக்கே ஒரு பவர். அதுக்குன்னு ஒரு கோணம் உண்டு. உங்க பொண்ணுக்குத் தொண்ணூறு டிகிரில நிக்கணும், இது நூத்திருபதுல நிக்குது. சதுர ஃப்ரேமா இருந்தா நீங்க நினைச்சாலும் தப்பு பண்ண முடியாது. வட்டம் பாருங்க, எப்படி வச்சாலும் உக்காந்துக்கும்."

முப்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு வால்வைத் தலைகீழாக மாட்டியதில்லை. வால்வில் அம்புக்குறி இருக்கும், லென்ஸிலும் ஒன்று போட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். மகளின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

"மூணு வாரமா கொக்கிக் கயிறு சாய்வாத் தெரிஞ்சுதுப்பா. நேராத் தொங்குற கயிறுன்னு தெரியும், ஆனா சாய்வாத் தெரியும். கண்ணு போகுதுன்னு நினைச்சேன். உங்க மாப்பிள்ளைகிட்டகூடச் சொல்லலை."

எனக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்ல வரும் என்பது ஊரறிந்தது. அந்த நிமிஷம் எனக்குச் சின்னதாகக்கூட எதுவும் சொல்ல வரவில்லை. மூன்று வாரம். நான் வீட்டில் சம்பளமில்லாத ஃபிட்டர் என்று மார்தட்டிக்கொண்டிருந்த மூன்று வாரமும், அவள் அந்த உயரத்தில் தனியாக உட்கார்ந்து இதைச் சுமந்திருக்கிறாள்.

தேய்ப்பவர் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். என் மகள் கையை நீட்டி அதை வாங்கி, என்னிடம் கொடுத்தாள்.

"அப்பா தளர்த்தட்டும். கோணத்தை நீங்க பாத்துச் சொல்லுங்க."

கையை வேட்டியில் மூன்று தடவை துடைத்துக்கொண்டேன். அதுவும் பெரிதாக்கிச் சொல்வது இல்லை. ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். அந்த அம்மா மையால் ஒரு புள்ளி வைத்து, லென்ஸை விரல் நுனியால் இம்மி இம்மியாக நகர்த்தி, கருவியில் பார்த்து, போதும் என்றார். ஒன்றரைச் சுற்று இறுக்கினேன். சம்பந்தி பக்கத்தில் நின்று உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

கீறல் விழுந்த இடது லென்ஸுக்கு மட்டும் புதுசு போட வேண்டும் என்றார். ஆனால் அது சாதாரண பவர், இழுப்பறையிலேயே இருந்தது. கல் சுழன்றது, வெள்ளைக் குழம்பு வழிந்தது, இருபது நிமிஷத்தில் பெரிய வட்டம் சின்ன வட்டமாகி ஃப்ரேமில் போய் உட்கார்ந்தது. அவர் கேட்ட தொகை, மூன்றாவது கடை சொன்னதில் பத்தில் ஒரு பங்கு. இதை மட்டும் நான் குறைத்தும் கூட்டியும் சொல்லவில்லை. சம்பந்தி ரசீது வாங்கி வைத்திருக்கிறார்.

கிளம்பும்போது அந்த அம்மா சின்ன ஸ்கேலை மகளின் மூக்கின் மேல் வைத்து, ஒரு கண்மணிக்கும் இன்னொரு கண்மணிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து சீட்டின் ஓரத்தில் எழுதினார். கடையில் இதை எழுதித் தர மாட்டார்கள், இது இருந்தால் எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே லென்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

மகள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். எதிர்க்கட்டடச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் நெட்டாக ஏறியது. அதை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தாள். மறுபடி நுனியிலிருந்து அடி வரைக்கும்.

"நேரா இருக்கு" என்றாள். என் பக்கம் திரும்பி, "இனிமே குழாயை மட்டும் திருகுங்கப்பா" என்றாள்.

*

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சம்பந்தி விசாரணை நடத்தினார். திருகாணியைத் திருகினால் கண் தெரியும் என்றால் டாக்டர்கள் எதற்குப் படிக்கிறார்கள்? எதிரே குழாய் நேராக இருந்தால் கிரேன் ஓட்டத் தகுதி வந்துவிடுமா? நேராக இருக்கிறது என்று மருமகள் நமக்காகச் சொல்லியிருந்தால்? நாலு மணிக்குத் தெரியும், அதுவரைக்கும் நான் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறைக்குள் எங்களை விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளி ஒரு பெஞ்சைக் காட்டினார். இரும்புக் கம்பிகளுக்கு இடையில் கிரேன் முழுசாகத் தெரிந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் அறைக்குள் போனாள். நாலேகாலுக்கு வெளியே வந்து ஒரு காகிதத்தைத் தலைக்கு மேல் ஆட்டினாள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள். கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் விலாசம் இருந்ததாம், அதையும் படித்தாளாம். இதை நான்தான் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் மேலதிகாரி அதோடு விடவில்லை. போன வாரம் நீதானே தெரியவில்லை என்று இறங்கினாய், இப்போது ஏறிக் காட்டு என்றார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சதுரம் போட்டார்கள். மரப்பெட்டியைவிடச் சதுரம் நாலு பக்கமும் ஒரு சாண்தான் பெரிது. பெட்டியைத் தூக்கி, கோட்டைத் தொடாமல் உள்ளே இறக்க வேண்டும்.

அவள் ஏணியில் ஏறினாள். சம்பந்தி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மருமகள் மேலே ஏறுவதை அவர் இதுவரைக்கும் நேரில் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹெல்மெட் சின்னதாகிச் சின்னதாகி, மஞ்சள் புள்ளியாகிக் கூண்டுக்குள் போனது.

பெட்டி கிளம்பியது. காற்று அடித்தது, பெட்டி லேசாக ஆடியது. தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் அவள் அதை நிறுத்தினாள். அவசரப்படவில்லை. ஆட்டம் அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள். கயிறு நின்றது. நேராக நின்றது, எனக்கே தெரிந்தது. பிறகு, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி, இறக்கினாள்.

கீழே நின்று சைகை காட்டுகிறவர் பெட்டியைச் சுற்றி வந்தார். குனிந்து நாலு பக்கமும் கையை வைத்து அளந்தார். நாலு பக்கமும் ஒரு சாண். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை என்று நான் சொல்வேன். அவர் நிமிர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றி மேலே பார்த்து ஆட்டினார். அங்கே இருந்த எல்லோரும் ஆட்டினார்கள்.

நான் அழவில்லை. அந்த இடத்தில் கரித்தூசி ஜாஸ்தி.

இறங்கி வந்தவளை மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டுப் போனார். கை அசைத்து நிறையப் பேசினார். தூரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கிரேனைக் காட்டினார், அது இதைப்போல ரெண்டு மடங்கு உயரம். ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். என் மகள் சரி என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. உறையைப் பிரிக்காமல் மடித்து ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறது என்று இதை எழுதும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

காவலாளிக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. மேல்வீட்டம்மாவுக்குக் கண் போய்விட்டது என்றார்களே, ஒரே வாரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் விடுவேனா. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சைக்கிள், மூன்று மைல், ரெண்டு லாரி, திருகாணி. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் புன்னகை வளர்ந்தது. கடைசியில் என் தோளைத் தட்டிவிட்டு, பார்க்க நாணயமான மனிதராகத் தெரிந்த சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. இவர் சொல்றதெல்லாம் நிஜமா?"

சம்பந்தி, மருமகள் எங்களை நோக்கி நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மைல் இல்லை, நாலு தெரு. லாரி நின்னுக்கிட்டிருந்துச்சு" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முப்பத்தாறு வருஷத்துல எவனாவது இப்படி ஒரு கதையைச் சொல்லியிருந்தா, அடுத்த ஸ்டேஷன்லயே இறக்கி விட்டிருப்பேன். ஆனா திருகாணி நிஜம். நான் பக்கத்துல நின்னு எண்ணினேன், ஒன்றரைச் சுத்துதான். உள்ள போனா உங்க ஆபீசர்கிட்ட சொல்லுங்க, அந்த மேஜையை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லி."